3சி 273: கண்கூசும் கருவுக்குப் பின்னால் ஒரு கேலக்ஸி

கன்னி ராசியில் இருக்கும் 3சி 273 என்ற குவேசார் (வெகு தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியின் கண்கூசும் கரு), மார்ச் மாதக் கடைசியில் நள்ளிரவு வாக்கில் வேலூருக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வந்து நிற்கும். பிரகாச எண் 12.9 (இந்த எண் கூடக் கூட ஒளி மங்கல்). பத்து அங்குலத் தொலைநோக்கியும் ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ நல்ல இருட்டான ஓர் இடமும் கிடைத்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மங்கலான ஒரு புள்ளி, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிற சாதாரண விண்மீன்களிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல வரைபடம் வேண்டும்.

அந்தப் புள்ளி 240 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு முழு கேலக்ஸி இருக்கிறது. அந்த கேலக்ஸியை ஏன் பல வருஷங்கள் யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை, தகவமை ஒளியியல் (அடாப்டிவ் ஆப்டிக்ஸ், காற்று படத்தைக் கலக்குவதை உடனுக்குடன் திருத்தும் நுட்பம்) வந்த பிறகு எவ்வளவு பார்க்க முடிந்தது, எந்த இடத்தில் அந்த நுட்பமும் கையை விரித்தது என்பதுதான் இங்கே எழுதப்போகும் விஷயம்.

இதை எழுதக் காரணம் ஒரு கேள்வி. வேலூரில் இயற்பியல் மாணவர்களோடு மாலையில் உட்கார்ந்து வானியல் பேசும்போது, யாராவது ஒருவர் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தை வைத்து இதைக் கேட்காமல் விடுவதில்லை.

“காவலூர்ல அவ்ளோ பெரிய கண்ணாடி இருக்கே சார். அதுல அடாப்டிவ் ஆப்டிக்ஸ மாட்டினா இந்த கேலக்ஸிய நாமளே பாத்துடலாமே?”

“பாக்கலாம்ப்பா. ஆனா முதல்ல கணக்குப் போட்டுப் பாத்துடுவோம்.”

அந்தக் கணக்கும் கீழே இருக்கிறது.

பொருள்

3சி 273இன் கதை நிலவில் தொடங்குகிறது. 1962இல் நிலவு இந்த ரேடியோ மூலத்தை மறைத்தபோது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியை வைத்து சிரில் ஹசார்டும் சகாக்களும் ரேடியோ அலை எந்த நொடியில் நின்றது, எந்த நொடியில் திரும்ப வந்தது என்று அளந்தார்கள். நிலவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே மூலம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் இருந்த ‘விண்மீனின்’ நிறமாலையை மார்ட்டின் ஷ்மிட் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்தார். கோடுகள் எதுவும் தெரிந்த தனிமங்களோடு ஒத்துப்போகவில்லை. 1963 பிப்ரவரியில்தான் அவருக்குப் புலப்பட்டது, அவை சாதாரண ஹைட்ரஜன் கோடுகள்தான், ஆனால் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று. செம்பெயர்ச்சி 0.158. அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டுமென்றால் அது நம் சூரியனைப்போல் லட்சக்கணக்கான கோடி மடங்கு ஒளிர வேண்டும்.

இந்த மறைப்பு முறை நம்மூருக்கும் அந்நியமில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீன் முன்கூட்டியே மினுங்கி மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. கருவியின் கூர்மை போதாத இடத்தில் நேரத்தை அளந்து விஷயத்தைப் பிடிப்பது பழைய தந்திரம். இந்தக் கட்டுரையின் கடைசியில் அது திரும்பவும் வேலைக்கு வரும்.

பிரச்சினை எங்கே?

குவேசாரின் கருவில் ஒரு பெரும் கருந்துளை. அதில் விழும் வாயு சூடேறி, சுற்றியுள்ள கேலக்ஸியின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து தரும் ஒளியைவிட அதிகமாக ஒளிர்கிறது. 3சி 273இன் கரு 12.9, அதைத் தாங்கும் கேலக்ஸி சுமார் 16. 3.1 எண் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் பிரகாச எண்ணில் 3.1 என்றால் ஏறக்குறைய 17 மடங்கு. அதிலும் கருவின் ஒளி முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. கேலக்ஸியின் ஒளியோ சுமார் 30 விகலை அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. (ஒரு டிகிரியை 3600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை.) இந்தத் தொலைவில் ஒரு விகலை என்பது சுமார் 9,000 ஒளியாண்டு.

சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் பனிமூட்டமான விடியற்காலையில் எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரியின் நெற்றியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படிக்கப் பார்த்திருக்கிறீர்களா? விளக்கு மட்டுமே காரணமில்லை. விளக்கின் ஒளியைப் பனி நாலாபக்கமும் சிதறடிப்பதுதான் எழுத்தை அழிக்கிறது. பனி இல்லாத இரவில் அதே விளக்கு சின்ன வட்டமாகச் சுருங்கிவிடும், மேலே உள்ள பெயரைக் கஷ்டப்பட்டாவது படித்துவிடலாம். குவேசாருக்குப் பூமியின் காற்றுதான் பனி.

1970களில் இருந்தே சில குவேசார்களைச் சுற்றி மங்கலான ஒரு மூட்டம் இருப்பதாகப் படங்கள் காட்டின. ஜெரோம் கிறிஸ்டியன் 1973இல் குவேசார்கள் கேலக்ஸிகளின் நடுவில்தான் இருக்கின்றன என்பதற்குப் படங்களை வைத்து வாதாடினார். 1982இல் போரோசனும் ஓக்கும் 3சி 48ஐச் சுற்றியிருந்த மூட்டத்தின் நிறமாலையில் விண்மீன்களின் உட்கவர் கோடுகளை (ஒளி உறிஞ்சப்பட்ட இருண்ட கோடுகளை) காட்டியபோது சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. மூட்டம் கேலக்ஸிதான். சரி, எப்படிப்பட்ட கேலக்ஸி? நீள்வட்டமா, சுருளா? வேறொன்றோடு மோதியதா? கருவுக்கு இரை எங்கிருந்து வருகிறது? இதற்கெல்லாம் மூட்டத்துக்குள்ளே போக வேண்டும்.

காற்று என்ன செய்கிறது

வேலூர்க்காரர்களுக்கு வெப்பத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை மலைகள் ராத்திரியில் வெகுநேரம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியில் பிரகாசமான ஒரு விண்மீனை வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். விண்மீன் ஒரு வட்டத் தட்டாக விரியும். அந்தத் தட்டின் குறுக்கே நிழல் வரிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வேகமாக ஓடும். சில நேரம் இரண்டு அடுக்காக, ஒன்று தெற்கே, ஒன்று மேற்கே. ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் வீசும் காற்று. நடுவில் பூமியை ஒட்டிய சூட்டுக் காற்று கொதிப்பதுபோல் தனியாகத் துடிக்கும். இதை நேரில் பார்த்த மாணவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

இந்தக் குழப்பத்தை அளக்க ஓர் எண் உண்டு, ஃப்ரீட் அளவு. எவ்வளவு அகலத்துக்கு அலைமுகப்பு (ஒளி அலை ஒரே வரிசையாக வந்து சேரும் பரப்பு) ஏறக்குறைய சமமாக வந்து சேர்கிறது என்பதைச் சொல்லும். விண்மீனின் படம் ஒரு விகலை அகலத்துக்குக் கலங்கினால், கண்ணுறு ஒளியில் ஃப்ரீட் அளவு சுமார் 10 செ.மீ. இரண்டு விகலை என்றால் சுமார் 5 செ.மீ. அதாவது படத்தின் கூர்மையைப் பொறுத்தவரை 2 மீட்டர் கண்ணாடி 5 செ.மீ. கண்ணாடி மாதிரிதான். ஒளியை நிறைய சேர்க்கும், விவரம் சேர்க்காது.

நல்ல வேளையாக அலைநீளம் கூடக் கூட இந்த அளவும் கூடும், அதுவும் கொஞ்சம் தாராளமாகவே. கண்ணுறு ஒளியில் 5 செ.மீ. என்றால் 2.2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் ஏறக்குறைய 30 செ.மீ. ஆகிவிடும். வானியலர்கள் தகவமை ஒளியியலை அகச்சிவப்பில் தொடங்கியதற்கு இதுதான் முதல் காரணம். குவேசார் ஆய்வுக்கு இன்னொரு லாபமும் இதில் உண்டு. வயதான விண்மீன்களின் ஒளி 1.6 மைக்ரோமீட்டர் பக்கம் உச்சத்தில் இருக்கும். குவேசார் கருவின் ஒளி அதே வட்டாரத்தில் இறக்கத்தில் இருக்கும். 17 மடங்கு என்று சொன்னேனே, அந்த வித்தியாசம் அங்கே குறைகிறது.

கருவி

யோசனை ஹொரேஸ் பாப்காக்குடையது, 1953இல். வந்து சேரும் அலைமுகப்பின் நெளிவை அளந்து, அதற்கு நேர் எதிராக ஒரு கண்ணாடியை நெளித்துவிட்டால் அலை திரும்பவும் சமமாகிவிடும். சொல்வது சுலபம். நொடிக்குப் பல நூறு தடவை இதைச் செய்ய வேண்டும். அன்றைக்கு அதற்கான கணினியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ராணுவத்துக்காக அமெரிக்காவில் ரகசியமாக நிறைய வேலை நடந்தது. வானியலில் முதலில் ஓடிக்காட்டியது ‘கம்-ஆன்’ என்ற ஐரோப்பியக் கருவி, 1989இல் பிரான்சின் ஓட் ப்ரொவான்ஸ் ஆய்வகத்தில், 1.52 மீட்டர் தொலைநோக்கியில்.

பாகங்கள் மூன்று. நுண்லென்ஸ் வரிசை வைத்து அலையின் சாய்வைத் துண்டு துண்டாக அளக்கும் உணர்வி ஒன்று. கணக்குப் போடும் கணினி ஒன்று. பின்னால் சின்னச் சின்னத் தள்ளுகோல்கள் கொண்ட நெளியும் கண்ணாடி ஒன்று. இதே அமைப்பை 1997இல் ராச்செஸ்டரில் டேவிட் வில்லியம்ஸின் குழு மனிதக் கண்ணுக்குத் திருப்பியது. காற்றுக்குப் பதிலாகக் கண்ணின் சொந்தக் குறைபாடுகளைத் திருத்தி, விழித்திரையில் ஒவ்வொரு ஒளியுணர் செல்லாகப் பார்த்தார்கள். கண் வைத்தியத்துக்கு ஜனம் தேடி வரும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நெளிவை அளக்க ஒரு புள்ளி ஒளி வேண்டும், அதுவும் பார்க்கும் பொருளுக்கு வெகு பக்கத்தில். 20, 30 விகலை தள்ளிப் போனாலே காற்று வேறாகிவிடும். எல்லா கேலக்ஸிக்கும் பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இருக்காது. அதனால்தான் 90 கி.மீ. உயரத்தில் உள்ள சோடியம் அடுக்கை லேசரால் ஒளிரச் செய்து செயற்கை விண்மீன் உண்டாக்குகிறார்கள். ஆனால் பிரகாசமான குவேசாருக்கு அது தேவையே இல்லை. கருவே விண்மீன் மாதிரிப் புள்ளியாக நிற்கிறது. அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். கேலக்ஸியை மறைக்கிற அதே ஒளிதான் கருவிக்கும் விளக்கு. இந்தத் துறையின் வசதியும் வம்பும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

காவலூர்க் கணக்கு

பழைய வடார்க்காடு மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் காடுகளுக்கு நடுவே, ஆலங்காயம் பக்கம் இருக்கிறது காவலூர். 2019 பிரிவினைக்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். உயரம் சுமார் 725 மீட்டர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தியால் திறக்கப்பட்டு, வானியலர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அந்தத் தொலைநோக்கிக்காகவே உழைத்த பாப்பு அதற்கு மூன்று வருஷத்துக்கு மேல் முன்பே, 1982இல் காலமாகிவிட்டார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையிலேயே.

காவலூரில் படம் இரண்டு விகலை கலங்குவதாக வைத்துக்கொள்வோம். கண்ணுறு ஒளியில் 5 செ.மீ.க்கு ஒரு தள்ளுகோல் என்றால் 2.34 மீட்டருக்குச் சுமார் 1,700 வேண்டும். சரி, செலவழித்து வாங்கிவிட்டோம் என்றே வையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒளி போதுமா? 12.9 பிரகாச எண்ணுள்ள பொருளிலிருந்து, கண்ணுறு பட்டை முழுவதும் சேர்த்து, சதுர செ.மீ.க்கு விநாடிக்குச் சுமார் 30 ஃபோட்டான் (ஒளித்துகள்) வரும். 5 செ.மீ. சதுரத்துக்கு 750. காற்று மாறுவதற்குள் நமக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லிவிநாடி. அதற்குள் வருவது ஒன்று. கண்ணாடிகளிலும் டிடெக்டரிலும் இழப்பு போக ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால், 0.2 ஃபோட்டான். ஐந்து தடவை கதவைத் திறந்து பார்த்தால் ஒரு தடவைதான் ஆள் இருப்பார். இதை வைத்து அலையின் சாய்வை அளக்க முடியாது. பணம் இருந்தாலும் முடியாது.

2.2 மைக்ரோமீட்டரில் திருத்துவதாக இருந்தால் நிலைமை வேறு. துண்டு 30 செ.மீ., தள்ளுகோல் 60 போதும், நேரமும் 10 மில்லிவிநாடி வரை கிடைக்கும். அதே கணக்கில் 50 சொச்சம் ஃபோட்டான் வரும். அந்த நேரத்துக்குள் நான்கைந்து முறையாவது அளந்தால்தான் கருவி காற்றைத் துரத்திப் பிடிக்கும் என்பதால் ஒரு அளவுக்குப் பத்துதான். இன்றைய டிடெக்டர்களுக்கு இழுபறியாகப் போதும். அப்போது படத்தின் நடுப்புள்ளி 0.2 விகலைக்குச் சுருங்கும், 3சி 273இன் தொலைவில் சுமார் 1,800 ஒளியாண்டு. மோசமில்லை. ஆனால் 2.2 மைக்ரோமீட்டரில் வெதுவெதுப்பான காற்றும் கண்ணாடியும் தாங்களே ஒளிர ஆரம்பித்துவிடும். 4,200 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் ஹவாயின் மௌனா கேயாவுக்கும் காவலூருக்கும் இந்த இடத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது.

அதற்காகக் காவலூரில் இந்தப் பக்கமே யாரும் போகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. படங்களை மில்லிவிநாடிகளில் எடுத்துக் கணக்கில் கூர்மையாக்கும் ஸ்பெக்கிள் முறையை வைணு பாப்பு தொலைநோக்கியில் ஸ்வபன் சாஹா நடத்திக்காட்டியிருக்கிறார். 2014இல் வந்த 1.3 மீட்டர் தொலைநோக்கியில் (அதற்குத்தான் ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயர்) படத்தின் ஆட்டத்தை மட்டும் நிறுத்தும் டிப்-டில்ட் கருவியை உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். காற்றின் நெளிவில் 87 சதவீதம் இந்த மொத்தச் சாய்வுதான் என்று கோட்பாடு சொல்கிறது. அதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது, மீதியுள்ள 13 சதவீதமே கூர்மையைக் கெடுக்கப் போதுமானது. இருந்தாலும் முழுத் தகவமை ஒளியியலுக்கு இதுதான் முதல் படி.

கூர்மை வந்த பிறகு வரும் தலைவலி

பெரிய மலைகளில் இது நன்றாகவே வேலை செய்தது. 1998இல் ஸ்டாக்டன், கனாலிசோ, க்ளோஸ் மூவரும் ஹவாயிலுள்ள கனடா பிரான்ஸ் ஹவாய் தொலைநோக்கியில் பிஜி 1700+518 என்ற குவேசாரைப் பார்த்தபோது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணை கேலக்ஸி கருவிலிருந்து தெளிவாகப் பிரிந்து, வளைந்த முடிச்சுகளாகத் தெரிந்தது. 2004இல் டேவிஸும் குழுவினரும் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியில் மார்க்கேரியன் 231இன் கருவை ஒட்டியே இளம் விண்மீன்களாலான ஒரு தட்டைக் கண்டார்கள். 2006இல் கியோன், சாண்டர்ஸ், ஸ்டாக்டன் மூவரும் ஜெமினி, சுபாரு தொலைநோக்கிகளில் 32 குவேசார்களின் கேலக்ஸிகளை வரிசையாக ஆராய்ந்தார்கள். பலவற்றில் மோதலின் தடயங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் இல்லை.

இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது கேலக்ஸியைப் பற்றிய பத்திகளை மாணவர்கள் ஆசையாகப் படித்துவிட்டு, பிஎஸ்எஃப் என்று வரும் பத்திகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அசல் ஆய்வே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றும். பிஎஸ்எஃப் என்றால் ஒரு புள்ளி ஒளி அந்தக் கருவியில், அந்த நேரத்தில், எப்படி விரிந்து தெரிகிறது என்ற வடிவம். கருவை நீக்கிவிட்டு கேலக்ஸியைப் பார்க்க, இந்த வடிவத்தைக் கழிக்க வேண்டும்.

தகவமை ஒளியியல் எல்லா ஒளியையும் நடுவில் கொண்டுவந்து சேர்த்துவிடாது. எவ்வளவு சேர்த்தது என்பதை ஸ்ட்ரெல் விகிதம் சொல்லும். 40 சதவீதம் என்றால் நல்ல இரவு என்பார்கள். மீதி 60 சதவீதம் எங்கே போகிறது? காற்று பழையபடி விரித்த ஒளிவட்டமாக, சரியாக கேலக்ஸி இருக்கும் இடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கரு கேலக்ஸியைவிட 17 மடங்கு என்றே வைத்துப் பார்த்தால், அந்த ஒளிவட்டம் மட்டுமே கேலக்ஸியின் மொத்த ஒளியைப்போல் பத்து மடங்கு. அதைக் கழிக்கும்போது 5 சதவீதம் பிசகினால், கேலக்ஸியில் பாதி காணாமல் போகும், அல்லது இல்லாத பாதி முளைத்துவிடும். அகச்சிவப்பில் இந்தப் 17 குறையும், பிசகின் குணம் மாறாது.

அந்த ஒளிவட்டம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் என்பதுதான் கொடுமை. அதனால் குவேசாரைக் கொஞ்ச நேரம், பிறகு அதே பிரகாசமும் நிறமும் உள்ள ஒரு விண்மீனைக் கொஞ்ச நேரம், திரும்பக் குவேசாரை என்று மாறி மாறிப் பார்க்கிறார்கள். விண்மீன் குவேசாரைவிடப் பிரகாசமாக இருந்தால் கருவி அதை இன்னும் நன்றாகத் திருத்திவிடும், ஒப்பீடு பொய்யாகும். பெரிய தொலைநோக்கியில் கிடைத்த இரவில் கணிசமான நேரம் யாருக்கும் வேண்டாத ஒரு விண்மீனைப் பார்ப்பதில் போகிறது. நேரம் ஒதுக்கும் குழுக்களுக்கு இதைப் புரியவைப்பது தனிப் பாடு.

காற்றே இல்லாத விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கிக்கும் இந்தச் சறுக்கல் நேர்ந்தது. 1990களின் நடுவில் பாகாலும் குழுவினரும் ஹபிள் படங்களை வைத்து, சில பிரகாசமான குவேசார்களைச் சுற்றி எதிர்பார்த்த கேலக்ஸியைக் காணவில்லை என்றார்கள். ‘நிர்வாணக் குவேசார்’ என்ற பேச்சு கிளம்பியது. மெக்லியோடும் ரீக்கேயும் அதே தரவை வேறு விதமாக ஆராய்ந்து, கேலக்ஸிகள் இருக்கின்றன, கருவைக் கழித்த முறையில்தான் அவை தொலைந்தன என்று காட்டினார்கள். 1997இல் பாகாலின் குழுவே 20 குவேசார்களின் முழுப் பட்டியலை வெளியிட்டபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் கேலக்ஸி இருந்தது. கூர்மை இருந்தும், கழிக்க வேண்டிய வடிவம் சரியாகத் தெரியாததால் வந்த வினை.

3சி 273ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். கருவுக்கு 16,000 ஒளியாண்டு நெருக்கத்தில், அதாவது இரண்டு விகலைக்குள், கேலக்ஸியின் உட்பகுதியைக் காட்டிய படம் 2024 இறுதியில் வெளிவந்தது. பின் ரென்னும் குழுவினரும் எடுத்தது. அவர்கள் கையில் இருந்தது 8 மீட்டர் தொலைநோக்கி அல்ல, 2.4 மீட்டர் ஹபிள். கருவின் ஒளியைத் தடுத்து மறைக்கும் கரோனாகிராஃபோடு. உள்ளே முடிச்சுகளும் எல் வடிவத்தில் ஓர் இழையும் தெரிந்தன. ஹபிள் கூர்மையில் கெக்குக்குப் பின்னால்தான். ஆனால் அதன் பிஎஸ்எஃப் இன்றும் நாளையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

கருவிடமே கேட்டுக்கொள்வது

ஒப்பீட்டு விண்மீனை நம்பாத வழி ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறமாலை தரும் கருவிகள் இப்போது உண்டு. சிலியில் உள்ள வெரி லார்ஜ் டெலஸ்கோப்பில் இருந்த சின்ஃபோனி அப்படிப்பட்டது, தகவமை ஒளியியலோடு இணைந்தது. குவேசாரின் நிறமாலையில் சில ஹைட்ரஜன் கோடுகள் மிக அகலமாக இருக்கும். கருந்துளைக்கு வெகு அருகில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் சுற்றும் வாயுவிலிருந்து வருபவை அவை. அந்த இடம் அவ்வளவு சின்னது, எந்தத் தனித் தொலைநோக்கிக்கும் வெறும் புள்ளிதான். அகலக் கோட்டின் ஒளியை மட்டும் பிரித்து ஒரு படம் வரைந்தால், அது அந்த நிமிஷத்தில், அந்தக் காற்றில், அந்தத் திருத்தத்தில் ஒரு புள்ளி எப்படி விரிந்தது என்பதன் படம். பிஎஸ்எஃப் கையில் வந்துவிட்டது, வேறொரு விண்மீனைத் தேடாமல், ஒரு நிமிஷம்கூட வீணாகாமல். விண்மீன்களிலிருந்து வருவதை 2.3 மைக்ரோமீட்டர் பக்கம் கார்பன் மோனாக்சைடு உண்டாக்கும் பள்ளங்களை வைத்து அடையாளம் காணலாம். குவேசாரின் கருவுக்கு அந்தப் பள்ளம் கிடையாது. எங்கே பள்ளம் ஆழமோ அங்கே விண்மீன் ஒளி, எங்கே மேடாகிவிட்டதோ அங்கே கருவின் ஒளி.

கண்ணாடிக்கு எட்டாததும் நாள்காட்டிக்கு எட்டியதும்

அந்த அகலக் கோடு வரும் இடத்தையே பார்க்க முடியுமா? 2018இல் முடிந்தது. சிலியில் உள்ள நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ‘கிராவிட்டி’ என்ற கருவியில் ஒன்று சேர்த்து 3சி 273ஐப் பார்த்தார்கள். நான்கு தொலைநோக்கியிலும் தகவமை ஒளியியல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒளி கருவியின் மெல்லிய ஒளியிழைக்குள்ளேயே போகாது. கோட்டின் சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் எதிரெதிராக இம்மியளவு நகர்ந்து நின்றன. வாயு தட்டுபோல் சுற்றுகிறது என்று அர்த்தம். ஆரம் 46 மைக்ரோ விகலை, சுமார் 145 ஒளிநாள். கருந்துளையின் எடை சுமார் 26 கோடி சூரியன்.

மறு வருஷமே, 2019இல், இன்னொரு குழு அதே ஆரத்தை வேறு வழியில் சொன்னது. கருவின் பிரகாசம் மெல்ல மாறும். அந்த மாற்றம் சுற்றியுள்ள வாயுவை எட்டி, கோட்டின் பிரகாசம் மாறுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். பத்து வருஷ அளவீடுகளில் வந்த விடை: சுமார் 147 நாள். அந்தப் பத்து வருஷ நிறமாலைகளைத் தந்தவை அரிசோனாவில் உள்ள ஸ்டூவர்ட் ஆய்வகத்தின் 2.3 மீட்டர், 1.54 மீட்டர் தொலைநோக்கிகள். தகவமை ஒளியியல் எதுவும் இல்லை. இரண்டு விகலை கலங்கினாலும் கவலையில்லை, ஏனென்றால் அளப்பது தேதியைத்தான்.

மாணவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் காத்திருப்பேன். ஒருமுறை ஆலங்காயத்துப் பெண் ஒருத்திதான் முதலில் பிடித்தாள்.

“சார், நம்ம காவலூர்க் கண்ணாடியும் அதே சைஸ்தானே?”

“ஆமாம்மா. 2.34.”

“அப்போ அடாப்டிவ் ஆப்டிக்ஸ் இல்லாமலே இத செய்யலாமே?”

செய்யலாம். கேலக்ஸியின் உருவத்தை, மோதலின் தடயத்தை, கருவை ஒட்டிய இளம் விண்மீன்களைப் பார்க்க மௌனா கேயாவும் சிலியும் வேண்டும், அதில் போட்டி போட்டுப் பிரயோசனமில்லை. ஆனால் கருவைச் சுற்றியுள்ள பகுதியை நேரத்தால் அளக்கும் வேலைக்கு 2 மீட்டர் கண்ணாடியும் ஒரு நல்ல நிறமாலைமானியும், வருஷக்கணக்கில் விடாமல் பார்க்கும் ஏற்பாடும் போதும். மூன்றாவதுதான் எங்குமே கிடைப்பது அரிது. பொதுத் தொலைநோக்கிகளில் ஆளுக்கு நாலு இரவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். பத்து வருஷத்துக்கு மாதம் இரண்டு மணி நேரம் கேட்டால் விண்ணப்பத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்றே தெரியாமல் விழிப்பார்கள்.

நிறமாலை இல்லாமல் பிரகாசத்தை மட்டும் அளப்பதானால் பத்து அங்குலமும் கேமராவும் போதும், அதை மாணவர்களே செய்யலாம். 3சி 273ஐச் சுற்றிப் பிரகாசம் துல்லியமாக அளந்து வைத்த ஒப்பீட்டு விண்மீன்கள் உண்டு. கன்னியின் காமா விண்மீனிலிருந்து வடமேற்கே ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தால் இடம் வந்துவிடும். ஒரே ஃபில்டர், ஒரே ஒப்பீட்டு விண்மீன்கள், அதே உயரம் வரும்போது எடுப்பது என்று ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். வானிலையும் இதற்கு இடம் கொடுக்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் இந்தக் குவேசார் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். நவம்பர் நடுவில்தான் விடியற்காலைக் கிழக்கில் தலைகாட்டும். வடகிழக்குப் பருவமழை நம்மைக் கட்டிப்போடும் நாட்களில் பாதி, எப்படியும் பார்க்க முடியாத நாட்கள். ஜனவரியிலிருந்து மே வரை மலையில் வானம் திறந்திருக்கும்போது, அதுவும் இருக்கும்.